கேள்வி–பதில்: கீயரில் 'ஏ' அடித்தால் 'ஆர்' போவது ஏன்?

பாலக்கோடு வாசகர்: ஹாம் ரேடியோவுக்காக (பொழுதுபோக்கு வானொலி) மோர்ஸ் கீயரும் (டிட் என்ற குறுங்குறியையும் டா என்ற நெடுங்குறியையும் தானே உருவாக்கும் கருவி) அதற்கான இரட்டை பேடிலும் (விரலால் அமுக்கும் இரு தகடு) வாங்கினேன். 'ஏ' அடித்தால் 'ஆர்' போகிறது, 'என்' அடித்தால் 'கே' போகிறது. பழைய கைச்சாவியை ('ஸ்ட்ரெய்ட் கீ', கையால் தட்டும் ஒற்றைச் சாவி) செருகினால் 'டா டா டா' என்று நிற்காமல் ஓடுகிறது. கீயர் பழுதா?

பழுது இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இரண்டு பேடிலையும் சேர்த்து அமுக்கினால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். கீயரில் இதற்கு இரண்டு அமைப்பு உண்டு. விரலை எடுத்ததும் மோடு ஏ, ஓடிக்கொண்டிருக்கும் குறியோடு நின்றுவிடும். மோடு பி, அதற்கு எதிர்க்குறி ஒன்றைச் சேர்த்துவிட்டுத்தான் நிற்கும். 'ஏ' என்பது டிட்-டா. டா ஓடும்போது விரலை எடுத்தால் மோடு பி கடைசியில் ஒரு டிட் போடும். டிட்-டா-டிட், அதுதான் 'ஆர்'. 'என்' (டா-டிட்) 'கே' ஆவதும் இப்படியே. அமைப்பில் மோடு ஏ-வுக்கு மாற்றுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. பிறகு மோடை மாற்றினால் கைப்பழக்கம் குழம்பும், ஆகவே இப்போதே ஒன்றில் நில்லுங்கள்.

அடுத்தது பிளக். பேடிலுக்கு ஸ்டீரியோ பிளக்: வழக்கமாக நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி பொது. உங்கள் கைச்சாவியில் இருப்பது மோனோ பிளக்காக இருக்கும். அதற்கு வளையம் கிடையாது. அதன் நீண்ட அடிப்பகுதி ஜாக்கின் வளையத் தொடர்பையும் தொட்டு, பொதுவோடு சேர்த்துவிடும். டா பேடிலை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகக் கீயர் நினைக்கிறது. ஸ்டீரியோ பிளக் ஒன்றை வாங்கி, சாவியின் இரு ஒயர்களையும் நுனியிலும் அடியிலும் பற்றவையுங்கள். வளையத்தை வெறுமனே விடுங்கள். கீயரை 'ஸ்ட்ரெய்ட் கீ' நிலையில் வையுங்கள்.

ஓசூர் வாசகர்: 567 ஐசியும் (ஒரு குறிப்பிட்ட அலைவரிசை ஒலியைக் கண்டறியும் சில்லு) மைக்ரோகன்ட்ரோலரும் வைத்து மோர்ஸ் ரீடர் (மோர்ஸ் ஒலியை எழுத்தாகத் திரையில் காட்டும் கருவி) செய்தேன். பயிற்சி ஆசிலேட்டரில் சரியாகப் படிக்கிறது. ரேடியோவில் இணைத்தால் திரை முழுக்க 'ஈ', 'டி' எழுத்துகள்தான்.

ஒற்றை டிட் 'ஈ' (E), ஒற்றை டா 'டி' (T). இரைச்சலின் ஒவ்வொரு துடிப்பையும் உங்கள் ரீடர் எழுத்தாக எண்ணுகிறது.

முதலில் ஒலி அளவைப் பாருங்கள். 567-க்கு 3-ஆம் காலில் 200 மில்லிவோல்ட் போதும். ஸ்பீக்கரிலிருந்து நேரே கொடுத்தால் மிகை. 10 கே ரெசிஸ்டர், அதன்பின் தரைக்கு எதிரெதிராக இரண்டு 1என்4148 டையோடு, பிறகு 10 கே ப்ரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) என்று போடுங்கள்.

அடுத்து அலைவரிசை. எஃப் = 1 / (1.1 × ஆர் × சி); எஃப் அலைவரிசை, ஆர் ரெசிஸ்டர், சி கெபாசிட்டர். சி 0.1 மைக்ரோஃபாரட், ஆர் சுமார் 13 கே என்றால் 700 ஹெர்ட்ஸ். 10 கே-யோடு 5 கே ப்ரீசெட் தொடராகப் போட்டால் ஏறத்தாழ 600 முதல் 900 வரை திருப்பலாம். சி-க்கு டிஸ்க் செராமிக் வேண்டாம், சூட்டில் மதிப்பு நகரும், பாலியெஸ்டர் போடுங்கள். 567-இன் பட்டை அதிகபட்சம் 14 சதவீதம், அதாவது 700-இல் 100 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. ரேடியோவின் டயல் கொஞ்சம் விலகினாலும் எழுத்து வராது. 8-ஆம் காலுக்கும் சப்ளைக்கும் நடுவே எல்இடியும் 1 கே-யும் வையுங்கள். காதில் கேட்கும் டிட், டாவோடு விளக்கு ஒன்றாகத் துடிக்கும்வரை டயலைத் திருப்புங்கள். விளக்கு துடிக்காமல் மினுக்கினால் நிரலைத் தொடவே தொடாதீர்கள்.

விளக்கு சரியான பிறகே நிரல். 20 மில்லிவினாடிக்குக் குறைந்த துடிப்பை ஒதுக்குங்கள். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு டிட் 100 மில்லிவினாடி (1200-ஐ வேகத்தால் வகுத்தால் வரும்). டா அதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே 200-ஐ எல்லையாக வையுங்கள். இதற்கும் மசியாத இரைச்சல் வீட்டு எல்இடி பல்பு, இன்வர்ட்டரிலிருந்து வரலாம். மெயினை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

அரூர் வாசகர்: ரீடர் இருக்க, காதால் படிக்கக் கற்க வேண்டுமா?

வேண்டும். இரண்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது காது பிரித்தெடுக்கும், ரீடர் திணறும். ஆனால் உங்கள் கையைச் சோதிக்க ரீடரைவிட நல்ல கண்ணாடி இல்லை. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியைக் கீயர் பார்த்துக்கொள்ளும்; எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று டிட், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு டிட் விடுவது உங்கள் பொறுப்பு. 'தர்மபுரி' என்பதை ஆங்கில எழுத்துகளில் அனுப்பிப் பாருங்கள். நடுவில் எம்மும் ஏ-வும் அடுத்தடுத்து வரும். இடைவெளி குறைந்தால் இரண்டும் ஒட்டி, டா-டா-டிட்-டா, திரையில் 'க்யூ' என்று விழும். அது விழாமல் போகும்வரை அனுப்பிப் பழகுங்கள்.

இதற்கு டிரான்ஸ்மிட்டரும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். கீயரின் சைடுடோன் ஒலியை (அடிக்கும்போது நாமே கேட்கக் கீயர் எழுப்பும் ஒலி) ரீடரில் கொடுத்தால் போதும். வானலையில் அனுப்ப மட்டும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கட்டாயம்.