கொழும்புத் தொடர்மாடி வீட்டில் அவசர காலத்துக்கு எவற்றைச் சேமித்து வைக்கலாம்?

நால்வர் வாழும் தொடர்மாடி வீட்டில் எதை முதலில் சேமிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரை என்பதே என் பதில். மின்சாரம் நின்றால் நீரேற்றும் மோட்டாரும் நின்று, கூரைத் தாங்கி வற்றியதும் மேல்மாடிக் குழாய்கள் வறண்டுவிடும் என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் வீதம் மூன்று நாளுக்கு 48 லீற்றரைச் சுத்தமான, மூடியுள்ள கலன்களில் நிரப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்றுங்கள்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும், சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் காத்துக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே, ஊறவைக்காமலே விரைவில் வேகும் மைசூர்ப் பருப்பு, நனைத்தாலே உண்ணத்தக்க அவல், ரின்மீன், பிஸ்கட், பால்மா ஆகியவற்றை மாதச் சாமானுடன் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து, பழையதை முதலில் சமையுங்கள். ஒரே நாளில் கடையை வெறுமையாக்குவது அன்றாடக் கூலியில் வாழும் அயலவரின் பங்கைப் பறிப்பதாகும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நாளாந்த மருந்து, வயிற்றோட்டத்தின்போது நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள், டோர்ச் ஆகியனவும் தேவை. களனி கங்கை பெருகினால் நீர் புகும் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் தரைத்தள வீடுகளில் இருப்போர், அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் உறையில் இட்டு உயரத்தில் வைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கதவருகே எழுதி ஒட்டுங்கள்.