ஜப்பானிய மொழி தெரியாமல் டோக்கியோவில் கிட்டார் வாங்க முடியுமா?

தாராளமாக வாங்கலாம். சுற்றுலா போகிற இடத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஆசை, பேச மொழிதான் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போனபோது எனக்கும் வணக்கம், நன்றி தவிர ஒன்றும் தெரியாது. கிட்டாரைப் பற்றி நாம் கேட்க வேண்டியதில் முக்கால்வாசிக்கு அந்தக் கிட்டாரே பதில் சொல்லிவிடும்.

நேராக டோக்கியோவின் ஓச்சனோமிசு பகுதிக்குப் போங்கள். ஜேஆர் சூவோ ரயிலில் இறங்கி, மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கும் சரிவான சாலையில் நடந்தால் வரிசையாக இசைக்கருவிக் கடைகள்தான். புதுசைவிடப் பழைய கிட்டார்களைப் பாருங்கள் என்பேன். அமெரிக்கக் கிட்டார் நிறுவனம் ஃபெண்டரின் ஜப்பானியப் பிரிவான ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியது. அதன் ஆரம்ப காலக் கிட்டார்கள் மாட்சுமோட்டோ நகரின் ஃபுஜிஜென் ஆலையில் உருவானவை. டோக்காய், கிரெகோ போன்ற ஜப்பானியப் பிராண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து வேலைப்பாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

சுவரில் மாட்டியிருப்பதை நாமே எடுக்கக் கூடாது. கடை ஊழியரைப் பார்த்து, கிட்டாரைச் சுட்டி, வாசிப்பதுபோல் கையை அசைத்தால் போதும். நான் கேட்ட கடையில் அவர் இறக்கி, துணியால் துடைத்து, ஆறு கம்பியையும் டியூன் செய்து, ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் நீட்டினார். பெல்ட் பக்கிள் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அதைக் கவனிப்பார்கள்.

இனி அவசரமே வேண்டாம். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் (கிட்டாரின் கழுத்துப் பகுதியின்) நீளத்துக்குப் பாருங்கள், முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தி வாசியுங்கள், குறிப்பாக 12க்கு மேலே. எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி தேய்த்த பள்ளம் ஆழமாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். ஃப்ரெட் மாற்றத் தெரிந்த நல்ல கைக்காரர் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். வால்யூம் நாப்களைத் திருகி, ஒயர் செருகும் ஜாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி இரண்டு கேள்விக்குத்தான் வேண்டும்: எதையாவது மாற்றியோ ஒட்டியோ இருக்கிறார்களா, உறை சேர்த்துத் தருவார்களா. விலை ஒட்டியபடிதான்; அங்கே பேரம் பேசுவது வழக்கமில்லை, பேசாமல் இருப்பதே மரியாதை.

அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். 10 சதவீத விற்பனை வரி சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது. 2026 அக்டோபர் வரை கடையிலேயே கழித்துவிடும் முறைதான். 2026 நவம்பர் 1 முதல் முழு விலையும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் காட்டித் திரும்பப் பெற வேண்டும். கிட்டாரை லக்கேஜில் போடும் முன்பே இதை முடிக்கப் பாருங்கள்.

மரம் பற்றி ஒன்று. பிரேசிலியன் ரோஸ்வுட் என்று சொன்னால் தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் முதல் அந்தத் தொல்லை இல்லை. ஆம்ப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230.

பணம் கட்டும்போது ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகக் கம்பி) திருகும் சாவி உறைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஊர் ஈரப்பதத்துக்கு வந்த சில வாரங்களில் நெக் கொஞ்சம் அசையும், அப்போது அந்த அளவுச் சாவியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.