மட்டிகளின் பெயரும் வகைப்பாடும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் கேட்டவை

தர்மபுரி, விலங்கியல் மாணவி: சார், லேபில் உள்ள பழைய சீட்டில் 'பாஃபியா மலபாரிகா' என்று இருக்கிறது. இணையத்தில் 'ப்ரோடேப்பஸ் கேலஸ்' என்கிறார்கள். ரெக்கார்டில் எதை எழுதட்டும்?

ப்ரோடேப்பஸ் கேலஸ் என்றே எழுதும்மா. இரண்டும் ஒரே மட்டிதான் (இரண்டு ஓடுள்ள நீர்வாழ் உயிரி). ஆய்வாளர் ஜிமெலின் 1791-இல் கேலஸ் என்றார், இன்னோர் ஆய்வாளர் டில்வின் 1817-இல் மலபாரிகா என்றார். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முந்தி வெளியான பெயருக்கே உரிமை. பழைய சீட்டைக் கிழித்துவிடாதே, புதியதை அதனுடனேயே வை. கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் மட்டியைப் பற்றிய கட்டுரைகள் பல பழைய பெயரில்தான் கிடைக்கும். அதனால் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடு.

ஊத்தங்கரை: பெயர் வைத்தவரையும் ஆண்டையும் சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, ஏன்?

முதலில் வைத்த பேரினத்திலிருந்து (பெயரின் முதல் சொல்) அந்த இனத்தை வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் அடைப்புக்குறி வரும். லின்னேயஸ் 'ஆர்கா கிரானோசா' என்று வைத்த மட்டி இன்று டெகில்லார்கா கிரானோசா (லின்னேயஸ், 1758). பேரினம் மாறாதிருந்தால் குறி கிடையாது. அழகுக்காகச் சேர்ப்பதும் விடுவதும் பிழை.

ஓசூர், பள்ளி ஆசிரியை: பிள்ளைகள் ராமேஸ்வரம் சுற்றுலாவில் பொறுக்கி வந்த ஓடுகளை எப்படிப் பிரிப்பது?

நிறத்தை நம்பாதீர்கள் டீச்சர். ஒரே இனத்திலேயே வெள்ளை, மஞ்சள், பழுப்பு எல்லாம் வரும். மென்மையான பிரஷ்ஷால் கழுவிக் காயவைத்து, 10 மடங்கு லென்ஸில் உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு ஓடும் இணையும் கீல் நேர்கோடாக, சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருந்தால் ஆர்சிடே குடும்பம். முகட்டுக்கு (கீலுக்கு மேலே புடைத்த முனை) கீழே ஒவ்வோர் ஓட்டிலும் மூன்று தடித்த பற்கள் இருந்தால் பெரும்பாலும் வெனெரிடே. அதிலும் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் மெரெட்ரிக்ஸாக இருக்கலாம், வளைய வரிகள் ஓடினால் ப்ரோடேப்பஸ் பக்கம் பாருங்கள்.

அடுத்து, தசை ஒட்டியிருந்த கோடு ஓரத்தையொட்டி ஓடும். அது ஒரு முனையில் உள்வாங்கி வளைவதைத்தான் பேலியல் சைனஸ் என்கிறோம், அதுவே பின்பக்கம். முகடு மேலே, உட்புறம் உங்களைப் பார்க்க ஓட்டைப் பிடியுங்கள். வளைவு உங்கள் இடது கைப்பக்கம் இருந்தால் இடது ஓடு, வலதில் இருந்தால் வலது ஓடு. வேறு வேறு மட்டிகளின் ஓடுகளைச் சோடி சேர்த்து ஒட்டிவிடும் தவறு இதனால் தவிரும். அலையில் தேய்ந்து பல் மழுங்கியதற்குக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊகித்து இனப்பெயர் எழுதுவதைவிட அது மேல்.

கிருஷ்ணகிரி: கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் வற்றினால் கிடைக்கும் பெரிய சிப்பியும் கடல் மட்டிகளின் வெனெரிடே குடும்பமா?

இல்லை. இருவோட்டு வகுப்பு என்பது மட்டும்தான் பொது. நம் பக்க நன்னீர்ச் சிப்பிகள் யூனியோனிடா வரிசை, லாமெல்லிடென்ஸ் போன்றவை. உள்ளே முத்துப்போல மின்னும், பேலியல் சைனஸ் இருக்காது. இவற்றின் இளம் புழு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளரும். வெனெரிடே புழுக்கள் பொதுவாகக் கடல்நீரில் தாமாக மிதந்து வளர்பவை.

பாலக்கோடு: ராட்சத மட்டி டிரைடாக்னாவுக்குத் தனிக் குடும்பம்தானே?

முன்பு டிரைடாக்னிடே. இப்போது கார்டிடே குடும்பத்துக்குள் துணைக்குடும்பம்.

அரூர்: மர அலமாரியில் வைத்த ஓடுகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. மரமும் பிளைவுட்டும் விடும் அமில ஆவி ஓட்டின் சுண்ணாம்பைத் தின்கிறது. நல்ல தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, இடையில் தண்ணீரை மாற்றி, முழுக்கக் காயவிட்டுப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். பஞ்சும் அட்டையும் அமிலம் இல்லாததாக இருக்கட்டும். சதையோடு உள்ள மட்டியை ஃபார்மலினில் விட்டுவைக்காதீர்கள், அதுவும் ஓட்டை அரிக்கும். 70 சதவீத எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலில் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள்.