பண்ணைக்குட்டையின் சூட்டைச் செயற்கைக்கோள் காட்டுமா?
கோபி பக்கம் அரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு வளர்ப்பதாகவும், செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தண்ணீர் வெப்பநிலையைக் கண்காணிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குட்டைக்கு முடியாதுங்க. பவானிசாகர் அணைக்கு முடியும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் பரவலாகப் பயன்படுவது லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள். அவற்றின் வெப்பக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். படம் 30 மீட்டர் கட்டமாகக் கைக்கு வந்தாலும், அளந்தது என்னவோ 100 மீட்டரில்தான். அந்தப் புள்ளிக்குள் உங்கள் குட்டை ஐந்தில் ஒரு பங்கு. மீதி வரப்பும் மஞ்சள் காடும் தென்னந்தோப்பும். எல்லாச் சூடும் கலந்த ஒரே எண்ணைப் பார்த்துத் தீவனம் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அப்புறம், இரண்டும் சேர்ந்தே 8 நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் காலையில். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. தெரிவது நீரின் மேல்தோல் சூடு மட்டும். காற்றில்லாத சித்திரை வெயிலில் மேலே கொதிக்கும், அடியில் குளிர்ந்திருக்கும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு இடைமட்டத்தில்.

நீர் புகாத டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, விடியற்காலையும் மதியம் 3 மணிக்கும் ஓர் அடி ஆழத்திலும் அடிப்பக்கத்திலும் பாருங்கள். 32 டிகிரியைத் தாண்டினால் தீவனத்தைக் குறையுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் இரவில் ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் கருவியை) நிறுத்தாதீர்கள்.