பைரேட்ஸ்: ஸ்கீன்ஸ் கிளம்புவதற்குள் ஏதாவது நடக்குமா?

பேஸ்பால் சீசன் நெருங்கினாலே அமெரிக்க வாசகர்களின் கடிதங்கள் வரிசை கட்டும். இந்த முறை பாதிக்கு மேல் பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து, அந்த ஊர் அணியான பைரேட்ஸைப் பற்றி, அதிலும் பெரும்பாலும் புலம்பல். சரி, 2026 சீசனுக்கு முந்தைய இந்த இதழ் அவர்களுக்கே.

கேள்வி: சார், 2012-ல் வேலைக்காக பிட்ஸ்பர்க் வந்தேன். அடுத்த வருடமே பைரேட்ஸ் பிளேஆஃப் போனது. சின்சினாட்டியோடு நடந்த அந்த ஆட்டத்தில் கூட்டம் மொத்தமும் "குவே...டோ" என்று ராகம் இழுக்க, எதிரணி பிட்சர் (பந்து வீசுபவர்) ஜானி குவேட்டோவின் கையிலிருந்து பந்து நழுவி விழுந்ததும், அடுத்த பந்திலேயே எங்கள் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்ததும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எல்லாம் நான் வந்த ராசி என்று நண்பர்கள் சொன்னார்கள். 2015-க்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. இப்போது பால் ஸ்கீன்ஸ் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிவிட்டார், பேட்டர் ரயன் ஓ'ஹெர்ன் வந்துவிட்டார், இளம் வீரன் கானர் கிரிஃபின் வரப்போகிறான் என்கிறார்கள். இந்த முறையாவது நம்பலாமா, இல்லை வழக்கம்போல ஜூன் மாதமே ஊர் ஃபுட்பால் அணி ஸ்டீலர்ஸின் கேம்ப் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவோமா?
— வாசகர், மன்ரோவில், பென்சில்வேனியா

பதில்: உங்கள் ராசி 2015-ல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. அந்த வருடம் 98 ஆட்டம் ஜெயித்த அணி, ஒரே ஒரு வைல்ட் கார்ட் ஆட்டத்தில் (பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கான பிளேஆஃப் வாய்ப்பு) ஷிகாகோவின் ஜேக் அரியெட்டாவிடம் ஒரு ரன்கூட எடுக்காமல் சுருண்டது. ஆனாலும் நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்களுக்கு முன்னால் அந்த ஊரில் இருந்தவர்கள் 1993 முதல் 2012 வரை இருபது வருடம் தொடர்ந்து, ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கோடுதான் ஒவ்வொரு சீசனையும் முடித்தார்கள். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகள் எதிலும் இப்படி ஒரு "சாதனை" வேறு எந்த அணிக்கும் கிடையாது.

கேள்விக்கு வருகிறேன். பிட்சிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பேட்டிங்கைக் கண்ணைத் திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது.

2025 மே 18, ஃபிலடெல்ஃபியா. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் தனியாளாக வீசினார், வேறு பிட்சரே வரவில்லை. கொடுத்தது ஒரே ஒரு ரன். பைரேட்ஸ் தோற்றது, 1-0. எதிரணி முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்களுக்கு பேட் பிடிக்கும் வேலையே இல்லை, அதனால் அந்த எட்டு இன்னிங்ஸே கணக்கில் முழு ஆட்டமாகப் பதிவானது. ஸ்கீன்ஸ் பெரிய லீகில் முழுதாக வீசிய முதல் ஆட்டம் அது, அதற்குக் கிடைத்த பரிசு தோல்வி. அந்த சீசன் முழுக்க இதே கதைதான்: ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி 1.97 ரன், 216 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), சை யங் ஓட்டெடுப்பில் முதலிடத்து ஓட்டுகள் அத்தனையும் அவருக்கே. பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கோ 10-10! அவ்வளவு நன்றாக வீசிய ஒருவரின் கணக்கு சரிபாதியில் நிற்க வேண்டுமென்றால் மற்றவர்கள் எவ்வளவு மோசமாக அடித்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அணி மொத்தமாக அடித்த ஹோம் ரன் 117, முப்பது அணிகளில் கடைசி.

அதனால்தான் கடந்த டிசம்பரில் நடந்தவை எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஓ'ஹெர்னுக்கு இரண்டு வருடம், 29 மில்லியன் டாலர். வெளியிலிருந்து வரும் ஒரு பேட்டருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடுவது என்பதே இந்த அணி மறந்துபோன வழக்கம். டாம்பாவிலிருந்து பிராண்டன் லௌவை வாங்கியிருக்கிறார்கள், அவர் 2025-ல் 31 ஹோம் ரன் அடித்தவர், ஆனால் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. கிரிஃபின் இருபது வயதுகூட நிரம்பாத பையன், 2024 ட்ராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒன்பதாவதாக எடுக்கப்பட்டு ஒரே வருடத்தில் நாட்டிலேயே முதல் தரமான இளம் வீரன் என்ற பெயரை வாங்கிவிட்டான். அது திறமைக்குக் கிடைத்த பெயர். அந்தத் தோளில் இப்போதே ஒரு ஊரின் ஆசையை ஏற்றி வைப்பது நியாயமில்லை.

என் கணக்கு இது: 2025-ல் 71 வெற்றி. இந்த சீசனில் 162 ஆட்டத்தில் பாதியான 81-ஐத் தாண்டி, செப்டம்பர் வரை வைல்ட் கார்ட் போட்டியில் இருந்தால் அதுவே பெரிய விஷயம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆசைக்கு யார் தடை போட முடியும், ஆனால் லீவு மட்டும் பிளேஆஃப் நடக்கும் அக்டோபருக்குப் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: ஐ.பி.எல்.லில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ்தான். இங்கே மட்டும் ஏன் ஒரு அணி 300 மில்லியனுக்கு மேல் சம்பளம் கொடுக்கிறது, இன்னொன்று 100 மில்லியன்கூடத் தாண்டாமல் இருக்கிறது? இதில் போட்டி எங்கே இருக்கிறது?
— வாசகி, சான் ஹோசே

பதில்: 2025 மெகா ஏலத்தில் சென்னையானாலும் லக்னோவானாலும் 120 கோடிதான். பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. ஓர் அளவைத் தாண்டினால் அபராத வரி உண்டு, பணக்கார அணிகள் அதைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். வேர் டி.வி. பணத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை அந்தந்த அணியே தன் ஊரில் விற்றுக்கொள்ளும். டாட்ஜர்ஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஊரில் கிடைத்த ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 8.35 பில்லியன் டாலர். பிட்ஸ்பர்க்கில் அந்தப் பணத்தைக் கனவிலும் பார்க்க முடியாது.

உச்சவரம்பு கொண்டுவர உரிமையாளர்கள் முயன்றபோதுதான் 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த வருடம் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸே நடக்கவில்லை. அதற்குப் பதில் வந்தது வருமானப் பகிர்வு: ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட, அது எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அதாவது டாட்ஜர்ஸ் டிக்கெட் வாங்குகிறவரின் காசில் ஒரு துளி பைரேட்ஸுக்கும் வருகிறது.

இங்கேதான் எனக்குப் பைரேட்ஸ் நிர்வாகத்தோடு சண்டை. பணம் இல்லை என்பது பாதி உண்மை. வருகிற பணத்தில் எவ்வளவு மைதானத்தில் இறங்குகிறது என்பதுதான் மீதிப் பாதி. 2023-ல் பிரையன் ரெனால்ட்ஸுக்கு எட்டு வருடத்துக்கு 106.75 மில்லியன் கொடுத்தார்கள், அதற்கு முன் அந்த அணி யாருக்கும் மூன்று இலக்கத்தில் மில்லியன் கொடுத்ததே இல்லை. ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் கொடுத்தது 765 மில்லியன்! சோட்டோவை யாரும் கேட்கவில்லை. நடுத்தரமான இரண்டு பேட்டர்களைத்தான் ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2025-ல் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்தன்று "அணியை விற்றுவிடு" என்று பேனர் கட்டிய விமானம் மைதானத்துக்கு மேல் வட்டமடித்தது சும்மா இல்லை. உரிமையாளர் பாப் நட்டிங் விற்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: சின்ன ஊர் அணி என்றால் தோற்றுக்கொண்டேதான் இருக்க வேண்டுமா? வேறு யாரும் தேறியதில்லையா?
— வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: மில்வாக்கியைப் பாருங்கள். பிட்ஸ்பர்க்கைவிடச் சின்ன சந்தை. 2025-ல் 97 வெற்றி, முப்பது அணிகளில் முதலிடம். எப்படி? முதலீட்டைவிட வியாபார புத்தி அதிகம். ஒரு நட்சத்திரத்தின் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே விற்றுவிட்டு, பதிலுக்கு இரண்டு மூன்று பேரை வாங்கி, அவர்களை ஆளாக்கிவிடுவார்கள். டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்குக் கொடுத்து வாங்கிய கேலப் டர்பின்தான் அந்த 97 வெற்றியில் மூன்றாவது பேஸ் காத்தவர்.

அதே வியாபாரத்தை பைரேட்ஸ் 2018-ல் செய்த லட்சணம் தெரியுமல்லவா? டாம்பாவிலிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்று மூன்று இளம் வீரர்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் சோபிக்கவில்லை. கிளாஸ்னோ 2025-ல் டாட்ஜர்ஸோடு கோப்பை தூக்கினார். இதற்கு ஊரின் அளவா காரணம்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மில்வாக்கி அக்டோபரில் டாட்ஜர்ஸை எதிர்கொண்டபோது நான்கு ஆட்டத்திலும் ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் மொத்தமே நான்கு ரன் எடுத்து, நான்கையும் தோற்றது. 162 ஆட்டத்தைப் புத்தியால் ஓட்டிவிடலாம், கடைசி இரண்டு வாரத்தில் பணம் பேசும். ஆனால் 2015-ல் கேன்சஸ் சிட்டி கோப்பையே வாங்கியதை மறக்க வேண்டாம். வழி குறுகல்தான், அடைத்துவிடவில்லை.

கேள்வி: என் பதினொரு வயது மகள் கேட்கச் சொன்னாள்: ஸ்கீன்ஸ் அங்கிள் யாங்கீஸுக்குப் போய்விடுவாரா?
— வாசகி, க்ரான்பெர்ரி, பென்சில்வேனியா

பதில்: பாப்பா, 2029 சீசன் முடியும்வரை அவர் நினைத்தாலும் தானாகப் போக முடியாது. ஆறு வருடம் முடித்தால்தான் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணியோடு ஒப்பந்தம் போடலாம். ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் முதல் ஆட்டம் ஆடினார், ஆனால் அந்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனதால் விதிப்படி முழு வருடமாக எண்ணிவிட்டார்கள். இல்லாவிட்டால் 2030 வரை இருந்திருப்பார். அணியே அவரை முன்கூட்டி வேறு அணிக்குக் கொடுத்துவிடுமா என்பது வேறு கேள்வி, அதை அம்மாவிடம் தனியாகச் சொல்கிறேன்.

அம்மா, பயம் நியாயமானது. பிட்சர் கெரிட் கோலை 2018-ல் ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் யாங்கீஸ் அவருக்கு 324 மில்லியன் கொடுத்தது. அதற்கு முன் பைரேட்ஸின் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ். 1992 அக்டோபர் 14, அட்லாண்டா, வேர்ல்ட் சீரீஸுக்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், பைரேட்ஸ் 2-1 முன்னிலை. இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் வேர்ல்ட் சீரீஸ். மாற்று ஆளாக வந்த ஃப்ரான்சிஸ்கோ கப்ரேரா இடது பக்கம் அடிக்க, ஒருவர் ஓடிவந்து சமன் செய்துவிட்டார். பின்னாலேயே, முட்டிக்கால் ஆபரேஷன்கள் முடிந்து ஓடவே சிரமப்படும் சிட் ப்ரீம், அவரும் பழைய பைரேட்ஸ்காரர்தான், இரண்டாவது பேஸிலிருந்து கிளம்பிவிட்டார். பாண்ட்ஸ் எறிந்த பந்து முதல் பேஸ் பக்கமாகச் சற்று விலகி வந்தது. கேட்சர் அதைப் பிடித்துக்கொண்டு பாய்வதற்குள் ப்ரீமின் கால் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டது, ஆட்டம் கைநழுவிப் போனது. குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் சான் ஃப்ரான்சிஸ்கோ போய்விட்டார். நான் மேலே சொன்ன அந்த இருபது வருடம் இதற்கு அடுத்த சீசனில் தொடங்கியதுதான்.

ஸ்கீன்ஸை விற்றால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆர்ச்சர் வியாபாரத்தைப் பார்த்த பிறகும் எப்படி இந்தத் தைரியம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. என்னைக் கேட்டால் இருக்கும் நான்கு சீசனில் இரண்டிலாவது கையைத் திறந்து செலவழிக்கட்டும். நீண்ட ஒப்பந்தம் பேசினால் பேசட்டும், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் அவர் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: பைரேட்ஸில் இந்தியர் ஆடியதாக யாரோ சொன்னார்கள். நிஜமா?
— வாசகர், சென்னை

பதில்: நிஜம்தான், பெரிய லீகில் இல்லை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், இரண்டு பேருமே ஈட்டி எறிபவர்கள். இந்தியாவில் நடந்த ஒரு பந்து எறியும் டி.வி. போட்டியில் தேறி, 2008 நவம்பரில் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டு, கீழ்நிலை லீகில் ஆடினார்கள். ரிங்கு பிற்பாடு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

கேள்வி: 2027-ல் ஆட்டமே நடக்காது என்கிறார்களே? சீசன் டிக்கெட்டுக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?
— வாசகர், பென் ஹில்ஸ், பென்சில்வேனியா

பதில்: வீரர்கள் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. சம்பள உச்சவரம்பு மறுபடி பேச்சுக்கு வரும், சங்கம் விடாது. கடந்த முறை 2021 டிசம்பரில் கதவடைப்பு தொடங்கி 99 நாள் நீடித்தது, ஆனாலும் 162 ஆட்டத்தையும் எப்படியோ நடத்திவிட்டார்கள். இந்த முறை இன்னும் இழுக்கும் என்று நினைக்கிறேன். உச்சவரம்பு வந்தால் பைரேட்ஸுக்கு லாபம் என்று குதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே கூரை போடும்போது கீழே தரையும் போட வேண்டும், அதாவது குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதி. அது இல்லாத உச்சவரம்பால் மிச்சமாகும் காசு உரிமையாளர் பைக்குத்தான் போகும்.

முன்பணம் டிசம்பர் வரை காத்திருக்கட்டும். அதற்குள் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கீன்ஸ் வீசும் நாளாகப் பார்த்து ஒற்றை டிக்கெட் எடுங்கள். யார் எந்த நாள் வீசுவார் என்பது சில நாள் முன்னதாகவே தெரிந்துவிடும்.