கைக்குத் தெரிஞ்ச வேலைக்கு காகிதம் எங்க வாங்குறது?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 43 வயசு, பட்டர்வொர்த்ல இருக்கேன். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில 18 வருஷம் மெயிண்டனன்ஸ் டெக்னீஷியன், சில்லர், கம்ப்ரெசர், ஏர்கோன் எல்லாம் நான்தான் பாத்துக்குவேன். போன மாசம் ஆள்குறைப்புல அனுப்பிட்டாங்க. சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). கையில எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) மட்டும்தான் இருக்கு, அப்ளை பண்ற எடமெல்லாம் சர்டிஃபிகேட் கேக்குறாங்க. கெடைச்ச காசுல கடை போடலாமா, இல்ல கிரேப் டாக்சி ஓட்டலாமா? இந்த வயசுல போய் படிக்கிறதெல்லாம் நடக்கிற காரியமா?
(பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, கடை, கிரேப் எல்லாம் அப்புறம் பேசுவோம், முதல்ல வேலை போன தேதிய காலண்டர்ல பாருங்க. சொக்சோவுல (மலேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இப்போ பெர்கேசோன்னு சொல்றாங்க) வேலை காப்புறுதின்னு ஒண்ணு 2018ல இருந்து இருக்கு, உங்க சம்பளத்துல மாசாமாசம் 0.2 விழுக்காடு அதுக்குத்தான் புடிச்சிருக்காங்க, முதலாளியும் அதே அளவு கட்டியிருப்பாரு. வேலை போன நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள மனு போட்டாகணும். நம்ம ஆளுங்க எத்தனையோ பேர், "கவர்மெண்ட்ல போய் நின்னா அலைய விடுவாங்க"ன்னு வீட்லயே உக்காந்திருந்து இந்த 60 நாள விட்டுர்றாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். நீங்களா ராஜினாமா பண்ணியிருந்தா கெடைக்காது, ஆள்குறைப்புன்னா கெடைக்கும், அதனால அந்தக் கடிதத்த பத்திரமா வச்சுக்குங்க.

உங்க சம்பளத்துக்கு சுமாரா கணக்குப் போட்டா முதல் மாசம் 80 விழுக்காடு, அதாவது 2,240 வெள்ளி, ரெண்டாவது மாசம் பாதி, 1,400, அடுத்த ரெண்டு மாசம் 1,120 வீதம், கடைசி ரெண்டு மாசம் 840 வீதம். இடையில வேலை தேடிக்கிட்டு இருக்கீங்கன்னு காட்டணும். இதே திட்டத்துல பயிற்சிக் கட்டணமும் 4,000 வெள்ளி வரைக்கும் குடுக்கிறாங்க, வேலை ஆலோசகர்கிட்ட உக்காந்து பேசவும் முடியும். பேசும்போது "எதாச்சும் வேலை இருந்தா குடுங்க"ன்னு சொல்லாதீங்க, "நான் பாத்த வேலைக்கு எந்த சர்டிஃபிகேட் பொருந்தும், அதுக்கு என்ன பயிற்சி கொறையுது"ன்னு கேளுங்க. முழுநேரமா கிரேப்ல எறங்குறதா இருந்தாலும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க, ஏன்னா வேலை இல்லாதவங்களுக்குத்தான் அந்தக் காசு. அப்புறம், அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்ச உங்கள மாதிரி சம்பளக்காரங்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு சட்டத்துலயே இருக்கு, முதலாளி சரியாத்தான் குடுத்திருக்காரான்னு ஒருதடவை கூட்டிப் பாருங்க. அந்தக் காச உடனே கடையில போட்டுறாதீங்க தம்பி, ஆறு மாசம் அது அப்படியே இருக்கட்டும்.

இப்ப படிப்புக்கு வர்றேன். நீங்க பூஜ்யத்துல இருந்து படிக்க வேண்டியதில்ல. எஸ்கேஎம் (மலேசிய திறன் சான்றிதழ்) வாங்குறதுக்கு பிபிடின்னு ஒரு வழி இருக்கு, ஏற்கெனவே கத்துக்கிட்டத அங்கீகரிக்கிறதுதான் அது. வருஷக்கணக்கா செஞ்ச வேலைக்கு ஆதாரம் சேத்து ஒரு ஃபைலா குடுத்தா, ஜேபிகே (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகரிச்ச அதிகாரி அத வேலைத் தரத்தோட ஒப்பிட்டுப் பாத்து மதிப்பிடுவாரு. முழுநேரம் வகுப்புல போய் உக்கார வேணாம்.

எங்க பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இந்த ஃபைல் தயார் பண்ண நான் கூட உக்காந்தேன். என்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டா "சும்மா மெயிண்டனன்ஸ்தான்கா"ன்னாரு. சரி, நைட் ஷிஃப்ட்டுக்கு உள்ள போனதும் முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டேன். கம்ப்ரெசர் பக்கத்துல போய் கொஞ்ச நேரம் நிப்பேன், சத்தம் மாறியிருக்கான்னு கேப்பேன், பேரிங் போகப்போகுதுன்னா சூடு ஏறும், சத்தம் ஒரு மாதிரி கரகரன்னு வரும், மீட்டர பாக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும்னாரு. அப்புறம் அழுத்தம் எவ்வளவு இருக்கணும், எண்ணெய் எப்ப மாத்தணும், எந்தப் பாகத்த எப்பக் கழட்டணும்னு சொல்லச் சொல்ல நான் நாலு பக்கம் எழுதினேன். அதெல்லாம் சும்மாவா? அப்படி ஒவ்வொண்ணா எழுதுங்க, பழைய சூப்பர்வைசர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க, சர்வீஸ் ரெக்கார்ட், போன்ல இருக்கிற படம், கம்பெனி அனுப்பின ஒருநாள் பயிற்சியோட காகிதம், எதையும் தூக்கிப் போடாதீங்க. நடுவுல யாராச்சும் ஏஜென்ட்டுன்னு வந்து காசு குடுத்தா சர்டிஃபிகேட் நிச்சயம்னு சொன்னா நம்பாதீங்க, ஜேபிகேகிட்ட நேரா விசாரிங்க. கரண்ட் வேலைக்கு சார்ஜ்மேன், வயர்மேன் தகுதி வேணும்னா அது தனி, எரிசக்தி ஆணையம் பாக்குறது. பினாங்குல 1989லயே ஆரம்பிச்ச பிஎஸ்டிசி (பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்) பாயான் லெப்பாஸ்ல இருக்கு, ஃபேக்டரிகளுக்குத் தேவையான பயிற்சிதான் அங்க, ஒருநாள் நேர்ல போய் என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க.

கேள்வி: எனக்கு 36 வயசு, கணக்கு கிளர்க். எஸ்பிஎம்தான் முடிச்சிருக்கேன், டிகிரி படிக்க ஆசை. எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) இல்லாம முடியுமா? வீட்டுக்காரர் வேணாங்குறாரு.
(ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: முடியும்மா. அபெல்னு ஒரு வழி இருக்கு, 21 வயசுக்கு மேல வேலை அனுபவம் உள்ளவங்க தேர்வு எழுதி, அனுபவத்துக்கான ஃபைலும் குடுத்து டிகிரியில சேரலாம், எம்கியூஏ (மலேசிய தகுதி முகமை) ஏத்துக்கிட்ட முறைதான். வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜார்ஜ்டவுன்லயே இருக்கு, வேலைக்குப் போறவங்களுக்காகவே நடத்துறாங்க. வீட்டுக்காரர் வேணாங்குறதுக்குப் பின்னாடி காசுக் கவலையா, புள்ளைங்கள யார் பாக்குறதுங்கிற கவலையான்னு முதல்ல கேட்டுப் பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு ஆகும், எத்தனை சனி ஞாயிறு போகும்னு அவரையும் கூட்டிட்டுப் போய் கவுண்டர்லயே கேளுங்க.