தோப்போரம் மின்கேபிள் புதைத்தால் தென்னை பட்டுப்போகுமா?

கேள்வி: உடுமலை பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ரோட்டோரமாக உயரழுத்த மின்கேபிள் புதைக்கப்போவதாகச் சொல்லிக் கல் நட்டிருக்கிறார்கள். இரண்டு வரிசை மரம் அதில் வருகிறது. சூட்டில் மரம் பட்டுப்போகும், பக்கத்தில் மாடு கட்டக்கூடாது என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா ஐயா?

பதில்: மாட்டைத் தாராளமாகக் கட்டுங்கள். கேபிளைச் சுற்றி உலோக உறை இருப்பதால் மேல்கம்பிக்கு அடியில் இருப்பதுபோன்ற மின்புலம் வெளியே வராது. இப்படிப் புதைப்பது புதிதும் அல்ல. கரூர் மாவட்டம் புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குப் போகும் உயரழுத்த மின்பாதை 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. நம் பக்கம் டவரில் வந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை சுமார் 30 கி.மீ. மண்ணுக்கடியில் போகிறது. கொங்கு விவசாயிகள் டவர் வேண்டாம், ரோட்டோரம் புதையுங்கள் என்று போராடியதும் இதைக் காட்டித்தான்.

கேபிள் சூடாகும், உண்மைதான். ஆனால் மூன்று நான்கு அடி ஆழத்தில் கிடப்பது. ஒட்டியிருக்கும் மண்தான் காயும். வெங்காயமோ தீவனச்சோளமோ மேலே நன்றாகவே வரும். தென்னை கதை வேறு. அதன் வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள், 30 முதல் 120 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதற்குள் பள்ளம் தோண்டினால் ஒரு பக்க வேர் போச்சு. கேபிளுக்கு மேலே மரம் நிற்கவும் விடமாட்டார்கள், பழுது வந்தால் தோண்ட வேண்டுமே. அதனால் அந்த இரண்டு வரிசையும் போனதாகவே வைத்து, வயது, காய்ப்பு கணக்கோடு இழப்பீடு கேளுங்கள்.

நான் பயப்படுவது கரண்டுக்கு அல்ல, ஜேசிபிக்கு. உங்கள் பக்கம் பல இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் வெள்ளையாகச் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல், இருக்கும். ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள், நுரைக்கும். மூடும்போது அது மேலே வந்துவிட்டால் இரும்புச்சத்து பயிருக்கு எட்டாது. நிலக்கடலை போட்டால் இலை மஞ்சளாய் வெளுக்கும். வருடக்கணக்கில் அன்னபேதி (இரும்புச்சத்து தரும் உப்பு) தெளித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் கொட்டி, அதே வரிசையில் மூட வேண்டும். மழை ஈரத்தில் வண்டி இறக்கக்கூடாது, மண் இறுகிவிடும். இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வராமல் கையெழுத்து வேண்டாம்.

மூடிய பிறகு முதல் பருவம் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். பள்ளம் மழைக்கு இறங்கும். அதை நிரப்ப வெளிமண் வாங்காமல் அவர்களையே கூப்பிடுங்கள். சொட்டுநீர்க் குழாய் எங்கெங்கே போகிறது என்று இப்போதே படம் எடுத்து, கல்லிலிருந்து ஒவ்வொரு மரமும் எத்தனை அடி என்று டேப் பிடித்துக் குறித்து வையுங்கள்.